நீதிமன்றத்தில் நிற்கும் தாய்மார்கள்: அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களும் சிறைக்கு எதிரான குடும்பங்களும்



நம் மன்றத்தின் மூத்த தோழரை நினைவுகூரும் இந்த உரைக்கு, இம்முறை அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்தை எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் தோழரேதான். "பையனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்கண்ணே" என்று நள்ளிரவில் யார் வந்து கதவைத் தட்டினாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "நாம போய் நின்னாலே பாதி அடி குறையும்" என்பார். அப்படிப் போய் நிற்பது எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதே இன்றைய பேச்சு.

1989 ஏப்ரலில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளையினப் பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டு வல்லுறவுக்கு உள்ளானார். அந்த வழக்கில் 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து சிறுவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். நால்வர் கறுப்பினத்தவர், ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அவர்களில் யூசெஃப் சலாமுக்கு வயது 15. அவருடைய அம்மா காவல் நிலையத்துக்கு வந்து, தன் மகன் சிறுவன் என்று வாதாடி விசாரணையை நிறுத்தினார். யூசெஃப் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்திடவில்லை. நண்பனுக்குத் துணையாகப் போன கோரி வைஸுக்கு 16 வயது. அந்த வயதுக்குப் பெற்றோர் உடனிருக்கத் தேவையில்லை என்பது அன்றைய நடைமுறை. மணிக்கணக்கில் விசாரித்து அவரிடம் பொய் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாகவே வாங்கினார்கள்.

ஆனால் இருவருமே தண்டிக்கப்பட்டார்கள். 2002இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் அதை உறுதி செய்த பிறகே தீர்ப்புகள் ரத்தாயின. அதற்குள் கோரி வைஸ் சுமார் 13 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார். ஒரு தாயால் கையெழுத்தைத் தடுக்க முடிந்தது, சிறையைத் தடுக்க முடியவில்லை. குடும்பம் தேவை, ஆனால் தனித்து நிற்கும் குடும்பம் போதாது என்பதை இங்கிருந்தே தொடங்குவோம்.

குடும்பத்தின் மீது போடப்பட்ட பழி

குடும்பத்தின் பொறுப்பு என்று பேசும்போது எச்சரிக்கை வேண்டும். 1965இல் வெளிவந்த மொய்னிஹான் அறிக்கை, கறுப்பின மக்களின் பின்தங்கிய நிலைக்குச் சிதைந்த குடும்ப அமைப்பை ஒரு மையக் காரணமாகக் காட்டியது. தந்தையில்லாத வீடு, அதனால் கெட்டுப்போன பிள்ளை என்ற பேச்சு அதன்பின் அரசியல்வாதிகளுக்குக் கைவந்த கருவியாயிற்று.

அந்தக் குடும்பங்களைப் பிரித்தது யார்? அடிமை முறையில் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்றார்கள். 1865இல் அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் கட்டாய உழைப்பை அனுமதித்தது. அந்த ஓட்டை வழியாகத் தென் மாநிலங்கள் கறுப்பின மக்களை அற்பக் குற்றங்களுக்குப் பிடித்து, கைதிகளாக முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டன. 1986இல் வந்த போதைப்பொருள் சட்டம், கறுப்பினக் குடியிருப்புகளோடு அடையாளப்படுத்தப்பட்ட 'கிராக்' வகைக் கோகெய்ன் 5 கிராமுக்கும் பொடிக் கோகெய்ன் 500 கிராமுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை வைத்தது. தந்தையைச் சிறையில் அடைத்துவிட்டு, வீட்டில் தந்தை இல்லை என்று குறை சொன்னார்கள்.

அந்தக் குடும்பங்கள் வெறுமனே சிதைந்தும் போகவில்லை. ஏழைக் கறுப்பினக் குடியிருப்பு ஒன்றை ஆய்வு செய்த மானுடவியலாளர் கரோல் ஸ்டாக், 1974இல் வெளியிட்ட நூலில் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டார் என்று பலர் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் உறவு வலையைக் காட்டினார். நம் சேரிகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

நான்கு வாசல்கள்

ஓர் இளைஞர் சிறைக்குப் போகும் வழியில் பல வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மறித்து நிற்க ஆள் வேண்டும்.

முதல் வாசல் பள்ளிக்கூடம். வகுப்பில் நடந்த சண்டைக்குத் தலைமையாசிரியரை அழைக்காமல் போலீசை அழைத்தால் பிள்ளைக்கு வழக்கு தொடங்கிவிடுகிறது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 2005இல் ஃபானியா டேவிஸ் முன்னின்று தொடங்கிய அமைப்பு, தவறு செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் வட்டமாக உட்காரவைத்து, நேர்ந்த கேட்டை எப்படிச் சரிசெய்வது என்று பேசவைக்கும் முறையைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. அதே ஊரில் கறுப்பினப் பெற்றோரும் மாணவர்களும் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 2020 ஜூனில் பள்ளி வாரியம் தனது காவல் பிரிவையே கலைக்கத் தீர்மானித்தது.

இரண்டாவது வாசல் காவல் நிலையம். சிறாருக்கும் வழக்கறிஞர் உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. ஆனால் மிரண்டுபோன பிள்ளை அந்த உரிமையை விட்டுக்கொடுத்துவிடும். எனவே வழக்கறிஞரோடு பேசாமல் விசாரிக்கக் கூடாது என்று கலிபோர்னியா 2017இல் 15 வயது வரையிலும், 2020இல் 17 வயது வரையிலும் சட்டம் செய்தது.

மூன்றாவது வாசல் ஜாமீன். 2010இல் நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில், ஒரு பையைத் திருடியதாக 16 வயது கலீஃப் ப்ரவுடர் கைதானார். ஜாமீன் தொகை 3,000 டாலர். குடும்பத்தால் புரட்ட முடியவில்லை. பிறகு ஜாமீனே மறுக்கப்பட்டது. வழக்கு விசாரணையே நடக்காமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று ஆண்டுகள் இருந்தார். அதில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தனிமைச் சிறை. 2013இல் வழக்கைக் கைவிட்டார்கள். 2015இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். ஒரு வீட்டால் முடியாததை ஊர் சேர்ந்தால் செய்ய முடியும் என்று காட்டவே 2017 அன்னையர் தினத்தையொட்டிப் பல நகரங்களில் கறுப்பின அமைப்புகள் பணம் திரட்டி, ஜாமீனுக்கு வழியில்லாமல் கிடந்த தாய்மார்களை வெளியே கொண்டுவந்தன.

நான்காவது வாசல் நீதிமன்றம். 1992இல் லாஸ் ஏஞ்சல்ஸில், மகன் கைதான ஒரு தாய் மற்ற தாய்மார்களோடு சேர்ந்து, பிள்ளைகளை மீட்கும் தாய்மார் அமைப்பை உருவாக்கினார். அவர்கள் வாய்தாதோறும் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள், சட்டத்தை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். ஆய்வாளர் ரூத் வில்சன் கில்மோர் தனது 2007ஆம் ஆண்டு நூலில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சான் ஹோசே நகரின் 'டி-பக்' அமைப்பு இதையே ஒரு முறையாக வளர்த்தது. குடும்பத்தினர் வாரந்தோறும் கூடி வழக்குக் காகிதங்களைச் சேர்ந்து படிக்கிறார்கள். பள்ளிச் சான்று, வேலைக் கடிதம், குடும்பப் புகைப்படம் எல்லாம் சேர்த்துப் பிள்ளையின் வாழ்க்கையை ஒரு கோப்பாக்கி வழக்கறிஞரிடம் கொடுக்கிறார்கள். நீதிபதியின் முன் வழக்கு எண்ணாக நிற்பவர், யாருக்கோ பேரனாக, யாருக்கோ அண்ணனாகத் தெரிகிறார்.

லூசியானா மாநிலத்தில் குடும்பங்கள் இதற்கும் மேலே போயின. டல்லூலா சிறார் சிறையின் கொடுமைகளுக்கு எதிராக, உள்ளே இருந்த பிள்ளைகளின் பெற்றோரும் உறவினரும் அமைப்பாகத் திரண்டார்கள். 2004இல் அந்தச் சிறார் சிறை மூடப்பட்டது.

கணக்கும் படிப்பினையும்

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறார் காவலில் இருந்தார்கள். 2020இல் அந்த எண்ணிக்கை 30,000க்கும் கீழே வந்தது. குற்றங்கள் குறைந்தது, சட்டங்கள் மாறியது, குடும்பங்கள் போராடியது எல்லாம் இதில் சேரும். ஆனாலும் வெள்ளையினச் சிறாரோடு ஒப்பிட்டால், கறுப்பினச் சிறார் காவலில் அடைபடும் விகிதம் இன்றும் நான்கு மடங்குக்கும் மேல். கதவுகள் குறைந்தாலும் நிறம் பார்ப்பது குறையவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. போதைக்கும் துப்பாக்கிக்கும் பயந்து, கறுப்பினத் தலைவர்கள் பலரே கடுமையான சட்டங்களைக் கேட்டதை ஜேம்ஸ் ஃபோர்மன் 2017இல் வெளியிட்ட நூலில் ஆவணப்படுத்தியுள்ளார். அவர்கள் பள்ளியும் வேலையும் வீடும் சேர்த்தே கேட்டார்கள். போலீசும் சிறையும் மட்டுமே வந்து சேர்ந்தன.

நமக்கும் அவர்களுக்குமான உறவு பழையது. அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள், கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவியே தோன்றினார்கள். மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக இருக்கும் பட்டியல் சாதியினர், இந்தியச் சிறைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், கொடுங்குற்ற வழக்கில் 16 வயதைக் கடந்த சிறாரைப் பெரியவராக விசாரிக்கவும் இடம் தருகிறது. அதே சட்டம், சிறாரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. நம் தெருவில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

மாணவ நண்பர்களிடம் கேட்பது இதுதான். பிள்ளையின் பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் எடுத்த எடுப்பில் கிடைக்கும்படி இருக்கட்டும். இரவில் கூப்பிட்டால் வரும் ஒரு வக்கீலின் எண் தெருவில் எல்லோரிடமும் இருக்கட்டும். வாய்தா நாளில் அந்த அம்மா தனியாகப் பஸ் ஏறக் கூடாது. தோழர் ஒருவராகப் போய் நின்றார், நாம் பத்துப் பேராகப் போவோம்.