ஏழு மணி முதல் எட்டரை வரை

மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். தினமும் மாலை ஏழு மணிக்கு அந்த ஊர்க் கோயிலில் சைரன் ஒலிக்கும். உடனே வீடுகளில் டிவியை அணைத்துவிட்டு, செல்போனைத் தூர வைத்துவிடுவார்கள். எட்டரைக்கு மறுபடி சைரன் ஒலித்த பிறகுதான் தொடுவார்கள். அதுவரை பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசுவார்கள்.

இது 2022 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. கொரோனா காலத்தில் பாடத்துக்காகப் பிள்ளைகள் கைக்கு வந்த போன், பள்ளி திறந்த பிறகும் கையை விட்டு இறங்கவில்லை. ஊர்த் தலைவர் விஜய் மோஹிதே இந்த யோசனையைச் சொன்னபோது ஆண்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் பெண்களைக் கூட்டிக் கேட்டார், பெண்கள் சரி என்றார்கள். அங்கன்வாடி ஊழியர்களும் ஆஷா பணியாளர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். பிறகு கர்நாடகத்தில் பெலகாவி பக்கத்து ஹலகா கிராமமும் இதே வழிக்கு வந்தது.

எங்கள் நல்லம்பள்ளியில் அப்படிச் சைரன் ஒலிப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கொடுத்தது புளி.

தருமபுரி மாவட்டத்தில் தை தொடங்கிப் பங்குனி வரை புளி உலுக்கும் காலம். வியாபாரிகள் மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டில் இறக்குவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுத்துக் கொடுத்தால் எடைக்கு இவ்வளவு என்று கூலி. பழத்தைக் கல்லின் மேல் வைத்து ஓர் அடி. கொட்டை பிதுங்கி வெளியே வர வேண்டும், சதை நசுங்கக் கூடாது. பார்வை கொஞ்சம் விலகினாலும் கொட்டை உள்ளேயே நின்றுவிடும், இல்லையென்றால் விரலில் அடி விழும்.

டிவி பார்த்துக்கொண்டே தட்டிய ஒரு நாள் என் மாமியார் ஒரு கைப்பிடி புளியை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "பாருங்க, பாதிக்குப் பாதி கொட்டை அப்படியே இருக்குது. புளி தட்டற வரைக்கும் அத அணைச்சுப் போடுங்க. அந்தப் போனையும் மாடத்துல வைங்க." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கூலி போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் வீட்டில் பேச்சு வந்தது. எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசச் சொன்னால் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் கூச்சம் வரும். கை ஒரு வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது. அப்படி ஒரு நாள், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்து ஒரு பக்கம் வெள்ளையாக்கிக்கொண்டிருந்தான். தாயம் ஆடுவதற்காக ஆயா சொல்லிக் கொடுத்தது. தேய்த்துக்கொண்டே, "அப்பா, நீ எத்தன வயசுல பெங்களூரு போன?" என்று கேட்டான்.

"பதினஞ்சுல கண்ணு. சித்தாள் வேலைக்கு."

"ராத்திரி எங்க படுப்ப?"

"கட்டிட்டு இருக்கற வீட்டுலயேதான். சிமெண்ட் பையை விரிச்சு."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்த எனக்கே அந்தச் சிமெண்ட் பை புதிது. மகளும் தட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

புளிக்காலம் முடிந்தும் அந்த நேரத்தை நாங்கள் விடவில்லை. இப்போது மொச்சை உரிப்போம், நிலக்கடலை உடைப்போம். ஒன்றும் இல்லாத நாளில் தாயம்.

வீட்டிலுள்ள மின்சாதனங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டால்தான் குடும்பம் ஒட்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கினார்கள். கிரைண்டர் வந்ததால் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து கழிந்த நேரம் பெண்களுக்கு மிச்சமானது. அதைத் திருப்பிக் கொடு என்றால், வீட்டில் மற்றவர்கள் பேசிச் சிரிக்க, அம்மா மட்டும் மாவாட்டிக்கொண்டிருப்பாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அம்மா அடுப்படியில் நின்றால் அது குடும்ப நேரமே இல்லை. எங்கள் வீட்டில் ஏழு மணிக்குள் களி கிண்டி இறக்கிவிட வேண்டும். நேரமாகிவிட்டால் துடுப்பு வீட்டுக்காரர் கைக்குப் போகும்.

டிவியின் மேலும் எல்லாப் பழியையும் போட முடியாது. கூடத்தில் ஒரே டிவி இருந்தபோது, எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தோம், சேர்ந்து சிரித்தோம், அழுதோம். 2016-ல் ஜியோ வந்து இணையம் மலிவான பிறகு ஆளுக்கொரு திரை ஆனது. ஒரே பாயில் உட்கார்ந்து நாலு பேர் நாலு ஊரில் இருக்கிறோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் மக்கள் எந்தப் பொருள் வந்தாலும், இது குடும்பத்தைச் சேர்க்குமா, பிரிக்குமா என்று கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். தொலைபேசியை அவர்களில் பலர் வீட்டுக்குள் வைப்பதில்லை, வெளியே சிறு கொட்டகையில் வைத்து, வேண்டும்போது போய்ப் பேசுகிறார்கள். அந்தக் கேள்வியை நாமும் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் பெங்களூருக்கு வேலைக்குப் போன ஆள் இல்லாத தெரு குறைவு. என் கொழுந்தனாரும் அங்கேதான். அவர் எட்டரைக்கு வீடியோவில் வருவார், எல்லோரும் சேர்ந்து பேசுவோம். அந்தப் போன் குடும்பத்தைச் சேர்க்கும் போன்.

சின்னக் குழந்தை உள்ள வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. சோறூட்டப் போனைக் காட்டும் தாய்மார்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இவ்வளவுதான். நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். மணி அடித்தால் கேட்கும்படி போனை ஓரிடத்தில் வையுங்கள், அவசரத்துக்கு எடுக்கலாம். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். முக்கியமாக, முதலில் போனை வைக்க வேண்டியது அப்பாவும் அம்மாவும். நாம் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்காதே என்றால் எந்தப் பிள்ளையும் கேட்காது.

ஒரு வீடு தனியாகச் செய்தால், பக்கத்து வீட்டு டிவிச் சத்தம் பிள்ளையை இழுக்கும். ஊரே சேர்ந்தால் சுலபம். வருகிற ஆகஸ்ட் 15 அன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். குடிநீர், தெருவிளக்கு பற்றிப் பேசும்போது இதையும் ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பெண்கள் எழுந்து கேளுங்கள். வட்காவ் பெண்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.