கறுப்பு மாறாதிருக்க

கண்ணாடித் தகட்டின்மேல் தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இராத மென்மையுடன் பூசப்பட்ட அந்தக் கறுப்புப் படலத்தை ஈரக்காற்றுப் படும்படி விட்டுவைத்தால், அது மெல்ல மெல்ல மஞ்சளாக வெளுக்கிறது. மஞ்சள் படர்ந்த இடத்தில் வெயில் மின்சாரமாக மாறுவது நின்றுபோகிறது. பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தின் ஆராய்ச்சியாளர்களுக்கு நெடுநாளாக மனக்கவலை தந்து வருவது இந்த மஞ்சளே.

பெரோவ்ஸ்கைட் என்பது 1839ஆம் ஆண்டில் குஸ்தாவ் ரோஸ் யூரல் மலைக் கற்களிடையே கண்டறிந்த ஒரு கனிமத்தின் பெயர். அதே அணு அமைப்பைக் கொண்ட, ஈயமும் அயோடினும் கலந்த ஸ்படிகம் ஒன்றை 2009இல் யோகோஹாமாவில் மியாசாகாவும் அவருடைய சகாக்களும் மின்கலத்தில் பிரயோகித்தபோது, கிடைத்த திறன் 3.8 சதவிகிதந்தான், இன்றோ அது 25 சதவிகிதத்தையும் தாண்டிவிட்டது. சிலிக்கனை 1,400 டிகிரிக்கும் மேலான உஷ்ணத்தில் உருக்கியாக வேண்டும்; இதற்கோ, உப்புகளைக் கரைத்துப் பூசி, ஏறக்குறைய வெந்நீர் கொதிக்கும் அளவு சூட்டில் உலர்த்தினால் போதும். இத்தனை சுலபமாகப் பிறப்பது அத்தனை சுலபமாகவே அழிந்தும் போவதுதான் வருத்தம்.

காரணம், ஸ்படிகத்தின் நடுவே குடியிருக்கும் மெத்தில் அம்மோனியம் என்னும் சிறு சேதனத் துகள். உஷ்ணமும் ஈரமும் சேர்ந்தால் அது ஆவியாகப் பிரிந்து ஓடிவிட, மஞ்சள் நிற ஈய அயோடைடு மட்டும் எஞ்சுகிறது. போதாதற்கு, ஸ்படிகத்திலிருந்து மின்னேற்றத்தைச் சுமந்துசெல்வதற்காக மேலே பூசப்படும் சேதனப் பொருளோ விலை மிகுந்தது. அது நன்றாக வேலை செய்யும்பொருட்டு அதனுடன் கலக்கப்படும் லித்தியம் உப்போ காற்றிலுள்ள ஈரத்தை வலிய இழுத்துக்கொள்வது. அதற்கும் மேலே தங்கம்.

இந்த விலையுயர்ந்த சுற்றத்தை விலக்கிவிட்டு, மண்ணிலும் கல்லிலும் மலிந்து கிடக்கும் அசேதனப் பொருள்களைக் கொண்டே கலத்தை அமைக்கலாகாதா என்ற கேள்விக்கு, சீனத்தின் வூஹான் நகரில் ஹான் ஹொங்வெய் குழுவினர் 2014இல் அளித்த விடை, என் எண்ணத்தில், இத்துறையின் மிக அழகிய யோசனைகளுள் ஒன்று. வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தருகிற டைட்டானியம் டை ஆக்ஸைடு, அதன்மேல் ஜிர்க்கோனியம் ஆக்ஸைடு, அதன்மேல் வெறும் கரி என மூன்று நுண்துளை அடுக்குகளை, துணியில் பூ அச்சிடுவதுபோலத் திரைவழியே அச்சிட்டுச் சூளையில் சுட்டெடுக்கிறார்கள். கடைசியிலேதான் பெரோவ்ஸ்கைட் வருகிறது: அதன் கரைசலைக் கரியின்மேல் சொட்டாக விட்டால், மணலில் நீர் இறங்குவதுபோல அது மூன்று அடுக்குகளிலும் ஊறி இறங்கி, துளைகளுக்குள்ளேயே ஸ்படிகமாக உறைகிறது. தங்கமும் இல்லை, ஏற்றம் சுமக்கும் சேதனப் பூச்சும் இல்லை. மேலே படிந்த கரியே மின்வாயாகவும் ஈரத்துக்கு ஒரு தடுப்பாகவும் நிற்கிறது. திறன் 12.8 சதவிகிதமே, ஆயினும் திறந்த காற்றில், முழு வெயிலில், 1,000 மணி நேரத்துக்கும் மேலாக அது ஸ்திரமாக நின்றது. சில நாட்களில் வாடிவிடும் 20 சதவிகிதத்தைவிட இதையே நான் மேலாகக் கருதுவேன்.

ஏற்றம் சுமக்கும் அடுக்கைக் கைவிட மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2017இல் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில், தாமிரத் தயோசயனேட் என்னும் மலிவான உப்பைக் கொண்டு அமைத்த கலங்கள் 20 சதவிகிதத்துக்கு மேல் திறன் காட்டியதோடு, 60 டிகிரி உஷ்ணத்தில் 1,000 மணி நேரம் ஒளியில் இருந்த பின்னும் அதில் 95 சதவிகிதத்துக்குக் குறையாமல் காத்துக்கொண்டன.

எஞ்சுவது ஸ்படிகத்தின் நடுவே உள்ள அந்தச் சேதனத் துகள். அதன் இடத்தில் சீசியம் என்னும் உலோகத்தை வைத்தால் ஆவியாகி ஓடுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் சுமார் 320 டிகிரிக்கு மேல் கறுப்பாக இருக்கும் சீசியம் ஈய அயோடைடு, ஆறி அறையின் வெப்பநிலைக்கு வந்ததும் தானும் மஞ்சளாகிவிடுகிறது. இந்த மஞ்சள் வேறு: இங்கே எதுவும் பிரிந்துபோகவில்லை, அணுக்கள் வரிசை மாறி அமர்ந்துவிட்டன, மறுபடி சுட்டால் கறுப்புத் திரும்புகிறது. அயோடினில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புரோமினைச் சேர்த்தால், ஆறிய பின்னும் அந்த வரிசை பெரிதும் நிலைக்கிறது. ஆனால் புரோமின் கூடக் கூட ஸ்படிகம் கறுப்பு இழந்து செம்மஞ்சளை நோக்கிச் செல்கிறது, வெயிலின் சிவந்த கிரணங்களை உட்கொள்ளாமல் விட்டுவிடுகிறது. ஆகவே எவ்வளவு புரோமின் என்பதையே இன்றைய ஆராய்ச்சிக்கூடங்களில் அளந்து அளந்து பார்த்து வருகிறார்கள்.