மனைவி கையில் ஒரு பத்திரம்

பொங்கோலில் புது வீவக வீட்டுக்குச் சாவி வாங்கிய இளம் தம்பதியரின் வரவேற்பறையில் என்ன இருக்கும்? சுவரளவு தொலைக்காட்சி, மூலையில் பிள்ளையார், மாலையும் கழுத்துமாக எடுத்த கல்யாணப் படம். திருமணச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய தமிழ் வீட்டை நான் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பதும் அரிது. சான்றிதழ் மின்னிலக்கமாகிக் கைபேசிக்குள் போய்விட்டது.

யூதர் வீடுகள் பலவற்றில் திருமணப் பத்திரத்துக்குத்தான் நடுச்சுவர். அதன் பெயர் கெத்துபா. ஓவியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, கையால் எழுதி, வண்ணம் தீட்டி, பொன்தாள் ஒட்டி வாங்குகிறார்கள். மணமக்கள் பிறந்த ஊர்கள், பிடித்த பூ, வளர்க்கும் நாய் என ஓரத்தில் எதையும் வரையச் சொல்லலாம். பொங்கோல் ஜோடி கேட்டால் நீர்வழிப் பாதையையும் அதன் பாலங்களையும் வரைந்து தருவார்கள். அதில் பொருத்தமும் உண்டு: பழைய கெத்துபாக்கள் பலவற்றில் ஊர்ப் பெயரோடு, அது எந்த ஆற்றங்கரையில், எந்தக் கடலோரத்தில் இருக்கிறது என்பதையும் எழுதியிருப்பார்கள்.

யூதர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிறவர்கள் அதே தெருவில் 1878ல் திறந்த மகேன் அபோத் ஆலயத்தைக் கடந்திருப்பார்கள். தேக்காவை ஒட்டிய சிலிகி சாலையில் 1924ல் கட்டிய எலிசன் கட்டடத்தின் நெற்றியில் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது. பாக்தாத்தைப் பூர்வீகமாகக் கொண்டு, பம்பாய், கல்கத்தா வழியாக வணிகம் செய்ய வந்தவர்கள் இந்த வட்டாரத்தில்தான் குடியிருந்தார்கள். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் அந்தச் சமூகத்தவர். இந்தியாவில் குடியேறிய பாக்தாத் யூதர்களின் கெத்துபாக்களில் ஜோடி மீன்கள் இருக்கும், பறவைகள் இருக்கும், சிங்கமா புலியா என்று சொல்ல முடியாத விலங்கும் இருக்கும். வரைந்தவர் நம் பக்கத்துக் காட்டை நினைத்துக்கொண்டு வரைந்திருப்பார் என்பது என் ஊகம்.

படத்தை விட்டு எழுத்துக்கு வருவோம். நடுவில் அரமேய மொழியில் இருப்பது கவிதை அல்ல, கடன் பத்திரம். மனைவிக்கு உணவும் உடையும் இல்லற உரிமையும் தருவதாகக் கணவன் ஏற்கிறான். மணமுறிவு நேர்ந்தாலோ அவன் இறந்தாலோ அவளுக்குச் சேரவேண்டிய தொகையும் அதிலேயே இருக்கிறது: முதல் மணப்பெண்ணுக்கு 200 சூஸ் (பழங்கால வெள்ளிக்காசு), கைம்பெண்ணுக்கு 100. யூதச் சட்ட மரபுப்படி, அவள் நோயுற்றால் வைத்தியச் செலவும் சிறைபிடிக்கப்பட்டால் மீட்கும் செலவும் அவன் பொறுப்பு. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அவர்கள் உறவினராக இருக்கக் கூடாது. மணப்பந்தலில் உரக்க வாசித்து மணமகளிடம் கொடுத்துவிடுவார்கள். அது அவளுடைய சொத்து. தொலைந்துபோனால் புதிதாக எழுதிக்கொடுக்கும்வரை தம்பதி சேர்ந்து வாழக் கூடாது என்பது மரபு.

எழுத்தின் அழகுக்கும் சட்டக் காரணம் இருக்கிறது. சில எழுத்துகளை இழுத்து நீட்டி, வரியை விளிம்புவரை நிரப்புவார்கள். அலங்காரம் என்று நினைத்தால் பாதிதான் சரி. காலியிடம் விட்டால் பின்னால் யாராவது எதையாவது நுழைத்துவிடலாம் அல்லவா? நாம் காசோலையில் தொகைக்குப் பின் ‘மட்டும்’ போடுகிறோமே, அந்த எச்சரிக்கைதான். சில இடங்களில் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்ற பொருளுள்ள சொல்லில் ஒரே ஒரு எழுத்தின் காலை வரையாமல் விட்டுவைப்பார்கள். மணமகன் கைக்குட்டையைப் பிடித்துப் பொறுப்பேற்ற பிறகுதான், சாட்சிகள் முன்னிலையில் அந்தக் கால் முழுமையாகும்.

என் கவலை இங்கேதான். படம் பெரிதாகப் பெரிதாக எழுத்தை யார் படிக்கிறார்கள்? இந்தக் கேள்வி புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியில் கெத்துபா அலங்காரத்துக்குப் பணக்காரர்கள் போட்டி போட்டுச் செலவழித்ததால், சில ஊர்களின் யூதச் சமூகங்களே அதற்கு உச்சவரம்பு விதித்தன. இன்றும் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருக்கும் வாசகத்தை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கணவன் மனைவி இருவருக்கும் சம பொறுப்பு வைத்து வாசகத்தையே மாற்றி எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு, அவர்களாவது படித்திருக்கிறார்கள்.

நம் கதை இன்னும் மோசம். அழைப்பிதழுக்கு வெல்வெட் பெட்டி, மேடைக்கு இறக்குமதிப் பூ, கேக்குக்கு மூன்று அடுக்கு. பெண்ணுக்கு என்ன உரிமை என்று சொல்லும் ஒரு தாளுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. எழுதி வைக்கும் பழக்கமே நமக்கு இல்லை என்று சொல்லவும் முடியாது. நகரத்தார் திருமணத்தில் இரு வீட்டாரும் கையெழுத்திடும் இசைகுடிமானம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதை ஓலையில் எழுதினார்கள். தமிழ் முஸ்லிம் திருமணத்தில் மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர் எவ்வளவு என்பது சபையறியப் பதிவாகிறது. மற்ற நம்மவர்கள் மட்டும் தாலியோடு நிறுத்திக்கொண்டோம். கல்யாணத்தில் கணக்கு வழக்கு எதற்கு, நம்பிக்கைதானே முக்கியம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். நகைக்கும் சீருக்கும் கணக்கு எழுதும் வீட்டில்தான் அந்தப் பேச்சும் வருகிறது.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1961ல் வந்த மாதர் சாசனம், பலதார மணத்துக்கு முடிவுகட்டியது; மனைவியின் பராமரிப்புக்கும் வழிவகுத்தது. அதிலிருந்து தனக்கு உரியது என்ன என்று மணப்பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிறவர் அதிகம் இருக்க மாட்டார். இந்த ஆண்டு கல்யாணம் வைத்திருக்கும் வீட்டார் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீடு யார் பெயரில், கடன் யார் பொறுப்பு, குழந்தை பிறந்தால் யார் வேலையை விடுவது, பெற்றோரை யார் பார்ப்பது என்று மணமக்களே பேசி, தமிழில் ஒரு பக்கம் தங்கள் கையால் எழுதட்டும். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். பூவும் மீனும் வரைவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.