மிளகு, அரிசி, அப்புறம் கொஞ்சம் கலர்!

கொல்லிமலையில் குண்டனி நாடுதான் நம்ம ஏரியா. காரவல்லியில் இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வயிற்றைப் பிடிச்சுக்கிட்டே வந்தா எங்க மலை!

ப்ளஸ் டூ படிக்கிற என் தங்கச்சிக்கு நீட் கனவு. சீனியர் அக்காக்கள் அனுப்பின நோட்ஸை திண்ணையில் உட்கார்ந்து செல்போன்லதான் படிப்பா. வெயில் ஏறினா போதும், ஸ்கிரீன் முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிடும். போன லீவுக்கு ஹாஸ்டல் நண்பன்கிட்ட ஈ-ரீடர் கடன் வாங்கிட்டுப் போனேன். அதே வெயிலில் எழுத்து அச்சடிச்ச மாதிரி பளிச்! ஆனா இதயத்தோட படத்தைத் திறந்ததும் கேட்டா பாருங்க...

''அண்ணா, இதுல சிவப்பு எது, நீலம் எது?''

எல்லாமே சாம்பல்! இன்ஜினீயர் அண்ணன் திருதிரு. அப்புறம் தேடிப் படிச்சதுதான் இது.

பாட்டிலுக்குள் மிளகும் அரிசியும்

1997-ல் தொடங்கின கம்பெனி 'இ இங்க்'. பிறந்த இடம் எம்.ஐ.டி. (குரோம்பேட்டை இல்லை பாஸ், அமெரிக்கா!) ஸ்கிரீன் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகள். ஒவ்வொண்ணுக்குள்ளேயும் கருப்பு, வெள்ளைத் துகள்கள். மிளகையும் அரிசியையும் ஒரே பாட்டிலில் போட்ட மாதிரி. ரெண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்சாரம் கொடுத்தா ஒண்ணு மேலே வரும், இன்னொண்ணு கீழே போகும். வந்த துகள் அங்கேயே நிற்கும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் கரன்ட் செலவு. ஒரு தடவை சார்ஜ் போட்டா வாரக்கணக்கில் ஓடுறது இதனாலதான்.

2004-ல் சோனியின் லிப்ரியே, 2007-ல் கிண்டில், 2010-ல் நம்ம நாட்டு இன்ஃபிபீமின் 'பை' என்று வரிசையாக வந்தன. 2016 டிசம்பரில் தமிழ்ப் புத்தகங்களும் கிண்டிலில் ஏறின. ஆனா எல்லாமே கருப்பு - வெள்ளை!

கலரில் என்ன சிக்கல்?

வல்வில் ஓரி விழாவில் வாங்கின சிவப்புக் கண்ணாடிப் பேப்பரைக் கண்ணில் வெச்சுப் பார்த்திருக்கீங்களா? கலர் வரும், வெளிச்சம் குறையும். 2010-ல் வந்த 'ட்ரைட்டான்' ஸ்கிரீன் இந்த டெக்னிக்தான். கருப்பு வெள்ளை மேலே கலர் ஃபில்டர். இங்கே வெளிச்சம் உள்ளே போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை வடிகட்டப்படும். வெள்ளை வேட்டி பழுப்பு வேட்டி ஆகிடும்!

பட்டாம்பூச்சி இறக்கையைப் பார்த்து குவால்காம் 'மிராசோல்' செய்தது. 2011-ல் கொரியாவில் ஒரு ஈ-ரீடரில் வந்தது. அடுத்த வருஷமே கம்பெனி பின்வாங்கிடுச்சு.

ஃபில்டர் ரூட்டிலேயே விடாமல் உழைச்சு, 2022-ல் 'கெலைடோ 3' வந்தது. 4,096 கலர். ஆனா எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் கலர் 150தான். 2024-ல் கோபோவும் கிண்டிலும் கலருக்கு மாறின.

இன்னொரு ரூட், 'கேலரி'. ஃபில்டரே கிடையாது. வெள்ளை, மஞ்சள், சியான், மெஜந்தா என நாலு துகளும் ஒரே இடத்தில். டவுன் பஸ்ஸில் நாலு பேருக்கு ஒரே ஜன்னல் சீட் மாதிரி! யாரை முன்னாடி அனுப்பணும்னு வோல்டேஜை மாத்தி மாத்திக் கொடுக்கணும். அதனால் 2022-ன் 'கேலரி 3'-யிலும் தரமான கலர் பக்கத்துக்கு ஒன்றரை விநாடி. வீடியோவை மறந்துடுங்க!

சரி, தங்கச்சிக்கு?

அமெரிக்காவில் 2024-ல் கோபோவின் சின்னக் கலர் மாடலே சுமார் 150 டாலர். நம்ம பாக்கெட்டுக்குத் தாங்காது. அதனால் குட்டியா ஒரு புரோகிராம் எழுதினேன். படத்தில் சிவப்பு இருந்தா கோடு, நீலம் இருந்தா புள்ளி. பழைய கருப்பு - வெள்ளை ரீடருக்கு அதுவே போதும்.

ஓட்டிப் பார்த்தா ஒரு தமனிக்குப் புள்ளி வந்திருக்கு! தமனின்னா சிவப்புதானே? கோடில்ல வரணும்? புரோகிராம் தப்புன்னு தலையில் கை வெச்சேன். தங்கச்சி சிரிச்சா.

''அண்ணா, அது நுரையீரல் தமனி. ஆக்சிஜன் கம்மியான ரத்தம்தான் அதுல போகும். நீலம்தான் சரி!''

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வலை வீசித் தேடுற சீனியர்ஸ்... உங்க வீட்டுத் திண்ணையையும் ஒரு தடவை பாருங்களேன்!