அடுக்களையும் அச்சுக்கூடமும்

குடவோலைக் கல்வெட்டினால் பிரசித்தி பெற்ற உத்திரமேரூர் இருக்கும் காஞ்சீபுரம் மாவட்டத்திலேயே நீர்வளூர் என்றொரு சிற்றூர் உண்டு. 1901-ஆம் ஆண்டில், அவ்வூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் தோன்றியவர் ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாள்.

ஆறு பிராயம் நிரம்பு முன்னரே அவருக்கு விவாகம் நடந்தேறியது. பள்ளிப் படிப்பும் இல்லை. 'இந்திர மோகனா' என்னும் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அத்தகையவர் 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை மேற்கொண்டு, ஏறக்குறைய 35 ஆண்டுகள் நடத்தினார். 115 நாவல்களும் இயற்றினார்.

இஃது எவ்வாறு கைகூடிற்று? நூலைச் சொந்தச் செலவில் அச்சிடுவோர்க்குப் பிரதிகள் விற்கும் வரை முதல் முடங்கிக் கிடக்கும். பத்திரிகைக்கோ சந்தா முன்னதாகவே வரும். தொடர்கதையும் மாதந்தோறும் சிறிது சிறிதாக வளர்ந்து நூலாகும். குடும்பப் பெண்ணின் துண்டு துண்டான ஓய்வுக்கு இம்முறை இசைந்தது.

ஆயினும் அது மட்டும் போதாது. கணவர் பார்த்தசாரதி ஆதிமுதல் ஊக்கமளித்தார். 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டு அம்மையார் சிறை புகுந்தபோது, பத்திரிகை நின்றுவிடாமல் காத்தவரும் அவரே.

இன்று தம் கதைகளைத் தாமே வெளியிட விழையும் சகோதரிகள் நம் கிராமங்களிலும் உளர். "வீட்டு வேலை முடிந்த பின் எழுதட்டுமே!" என்பது எளிது. வீட்டு வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? அன்பர்களே, அச்சுப்பிழை திருத்தவும், அஞ்சலில் சேர்க்கவும், ஒரு வேளை உலை வைக்கவும் நாமும் முன்வருவோம். ஒருவர் எழுத, இல்லம் முழுவதும் தோள் கொடுத்தாலன்றி நூல் பிறவாது.