எடை குறைந்தால் உதை கூடும்!

மாணவர்களே, ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறீர்களா? ஒரு மாடிக்கு அது பெரிய சுமையாகத் தெரியாது. அதே போத்தலோடு 1,000 மீட்டர் மலை ஏறினால்? அந்த ஒன்றரை கிலோவை உச்சிக்குக் கொண்டுபோக மட்டும் ஏறக்குறைய 15,000 ஜூல் ஆற்றல் வேண்டும்.

நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலைகளில் வேட்டைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள். சாதாரண வேட்டைத் துப்பாக்கி 4 கிலோ இருக்கலாம். மலை வேட்டைக்கென்றே செய்யப்படும் சில துப்பாக்கிகள் 2.5 கிலோதான். வித்தியாசம் அந்தத் தண்ணீர்ப் போத்தல்!

அப்படியானால், இருப்பதிலேயே இலேசானதை வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் நியூட்டன் குறுக்கே வந்து நிற்கிறார்.

ஏன் இந்த வேட்டை?

அந்த மலைகளில் இமயமலை வரையாடுகள் வாழ்கின்றன. அவை அங்கே பிறந்த இனமல்ல. 1904ஆம் ஆண்டு மவுண்ட் குக் பகுதியில் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. அவற்றை அடித்துத் தின்னும் விலங்கு அங்கே இல்லாததால் பெருகி, மலைத் தாவரங்களை மேய்ந்து அழித்தன. அதனால் 1993ஆம் ஆண்டுத் திட்டம் அவற்றின் எண்ணிக்கைக்கு 10,000 என்று வரம்பு வைத்தது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வழிகளில் வேட்டையும் ஒன்று. தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டின் நிலையோ வேறு. அது பாதுகாக்கப்பட்ட இனம். அதை வேட்டையாடக் கூடாது.

உதையின் கணக்கு

'ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு' என்று படித்திருப்பீர்கள். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. இருவருக்கும் கிடைக்கும் உந்தம், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் 'மொமென்டம்', ஒரே அளவுதான்.

குண்டு 10 கிராம், அதன் வேகம் வினாடிக்கு 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.010 × 800 = 8. துப்பாக்கி 4 கிலோ என்றால் அது வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தோளை இடிக்கும். 2.5 கிலோ என்றால் 3.2 மீட்டர் வேகத்தில் இடிக்கும். இடியின் ஆற்றலும் 8 ஜூலிலிருந்து 12.8 ஜூலாக, அதாவது 60 விழுக்காடு, ஏறிவிடுகிறது. குண்டோடு பீறிட்டு வரும் வாயுவையும் சேர்த்தால் உண்மையான உதை இதைவிட அதிகம்.

தோள் வலிப்பது சிறிய தொல்லைதான். பெரிய தொல்லை, மனம் பயந்துவிடுவது. அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே கண் மூடிக்கொள்ளும், கை வெட்டி இழுக்கும், குறி தவறும். குண்டு காலில் பட்ட விலங்கு உடனே சாகாது. மனிதர் போக முடியாத பாறை இடுக்கில் ஒளிந்து, வலியோடு நெடுநேரம் துடிக்கும். பொறுப்புள்ள வேட்டைக்காரர் அஞ்சுவது இதற்குத்தான்.

எங்கே எடையைக் குறைப்பது?

ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறக்குறைய 7.8 கிராம் இருக்கும். டைட்டேனியம் 4.5 கிராம். கரிம இழைக் கலவை 1.6 கிராம்தான். எடையைக் குறைக்க, மரக்கட்டைக்குப் பதில் கரிம இழைக் கட்டையும், சில எஃகுப் பாகங்களுக்குப் பதில் டைட்டேனியமும் பொருத்துகிறார்கள்.

குழலை மெலிதாக்கியும் எடையைக் குறைக்கலாம். ஆனால், மெலிந்த குழல் விரைவில் சூடாகும். சூட்டில் அது சீரில்லாமல் விரிந்து சற்றே வளைந்தால், குண்டு போய்ச் சேரும் இடமும் மாறும். ஆகவே குழல் ஆறிய நிலையில் முதல் குண்டு எங்கே படுகிறது என்பதைச் சுடும் திடலிலேயே சோதித்து, தொலைநோக்கியைச் சரிசெய்கிறார்கள். மலையில் பெரும்பாலும் அந்த முதல் குண்டுதான் முக்கியம். தொலைநோக்கியின் திருகாணி ஒன்று தளர்ந்திருந்தாலும் உழைப்பு வீண்.

உதையைத் தணிக்கக் கட்டையின் முனையில் ரப்பர் மெத்தை வைக்கிறார்கள். பந்து பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பீர்கள் அல்லவா? அதே தந்திரம்தான். இடிக்கும் நேரம் நீள்வதால் விசையின் கடுமை குறைகிறது.

இன்னொன்றும் உண்டு. மூச்சிரைக்க மலை ஏறியவரின் கை, இதயத் துடிப்புக்கு ஏற்ப ஆடும். இலேசான துப்பாக்கி அந்த ஆட்டத்துக்கு எளிதில் அசைந்துகொடுக்கும். கனமானது அவ்வளவாக அசையாது. அதனால்தான் பலர், தொலைநோக்கியையும் சேர்த்து 3 கிலோவை ஒட்டிய எடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தூக்கிச் செல்லவும் முடிய வேண்டும், அசையாமல் பிடிக்கவும் முடிய வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

நம் நாட்டில் துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையானது. ஆனால், இந்த விதியைச் சோதிக்கத் துப்பாக்கி எதற்கு? வழவழப்பான தரையில், சக்கரம் வைத்த ஒரே மாதிரியான நாற்காலிகள் இரண்டில் நீங்களும் அப்பாவும் எதிரெதிரே உட்காருங்கள். உள்ளங்கைகளைச் சேர்த்து மெல்லத் தள்ளுங்கள். தள்ளியது யாராக இருந்தாலும் இருவரும் பின்னே போவீர்கள். யார் வேகமாகப் போனார், ஏன் என்பதை இப்போது நீங்களே அப்பாவுக்கு விளக்குங்கள்.