பதிவேற்றம் 100% முடிஞ்சாச்சு... ஆனாலும் வீடியோ ஏன் மங்கலா இருக்கு?

தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு பாக்குத் தோப்பு. பின்னால் சிறுவாணி மலை, காற்றில் ஆடும் மட்டைகள். போனில் 4கே தரத்தில் பத்து நிமிடம் எடுத்து, யூடியூபில் ஏற்றி, லிங்கை உறவினர் குரூப்பில் தட்டிவிடுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் பதில் வருகிறது: "என்னங்க, ஒண்ணுமே தெளிவா இல்லீங்களே? பழைய போன்ல எடுத்தீங்களா?"

போன் மேல் தப்பில்லை. பதிவேற்றம் முடிவது ஒரு கட்டம், வீடியோ தயாராவது வேறொரு கட்டம். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது?

ஃபைல் மொத்தமாகப் போவதில்லை, துண்டு துண்டாகப் போகிறது. நரசீபுரம் ரோட்டில் சிக்னல் போய்த் திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிவது அதனால்தான். ஃபைலுக்குள் 'எந்தக் காட்சி எங்கே இருக்கிறது' என்று சொல்லும் ஓர் அட்டவணையும் உண்டு. அதை ஃபைலின் தொடக்கத்திலேயே வைக்கச் சொல்கிறது யூடியூப். எடிட்டிங் மென்பொருளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்' என்று ஒரு டிக் இருந்தால், அது இதற்குத்தான்.

நிமிடத்துக்கு 11 ஜிபி!

1080பி வீடியோவின் ஒரு ஃபிரேமில் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட், விநாடிக்கு 30 ஃபிரேம் என்று கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 186 எம்பி, நிமிடத்துக்கு 11 ஜிபி. இதை யாரும் அப்படியே சேமிப்பதில்லை. போனே எடுக்கும்போது சுருக்கிவிடுகிறது. யூடியூப் அதைப் பிரித்து, மறுபடியும் தன் அளவுகளுக்குச் சுருக்குகிறது: 144பி, 240பி, 360பி, 480பி, 720பி, 1080பி, 4கே. கோவை மில்லில் பஞ்சை 40-ம் நம்பர், 60-ம் நம்பர் நூலாக நூற்பது மாதிரி. அதிலும் எச்.264, விபி9, ஏவி1 என்று சுருக்கும் முறைகள் பல. பழைய போனுக்கு ஒன்று, புது டிவிக்கு வேறொன்று.

சுருக்குவதில் உள்ள சூட்சுமம் எளிது. ஒரு ஃபிரேமை முழுசாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறியது எதுவோ அதை மட்டும் எழுதுவது. சுவர் முன்னால் உட்கார்ந்து ஒருவர் பேசினால் வாயும் கையும்தான் மாறும், வேலை சுலபம். தோப்பு அப்படியா? ஒவ்வொரு மட்டையும் ஒவ்வொரு பக்கம் ஆடும். சாரல் மழை, கோவைக் குற்றாலம் அருவி எல்லாம் இன்னும் மோசம். எல்லாமே மாறும்போது எதை மிச்சம் பிடிப்பது? ஒதுக்கிய டேட்டா போதாமல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. நம்ம ஊர்ப் பசுமைதான் இந்தத் தொழில்நுட்பத்துக்குச் சிம்ம சொப்பனம்.

ஏன் இவ்வளவு நேரம்?

வீடியோவைச் சிறு பகுதிகளாக வெட்டி, பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, மீண்டும் ஒட்டுகிறார்கள். குறைந்த தரம் முதலில் தயாராகும், எச்டி-யும் 4கே-யும் பின்னால் வரும். 60 நிமிட 4கே வீடியோவுக்கு (விநாடிக்கு 30 ஃபிரேம்) உயர்தர வேலை முடிய 4 மணி நேரம்வரை ஆகலாம் என்கிறது யூடியூபின் உதவிப் பக்கம். நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கும் மேலான வீடியோ வந்து குவியும் இடம் அது.

இதற்கென்றே தனி சிப் செய்ததாக 2021-ல் கூகுள் அறிவித்தது. முந்தைய அமைப்பைவிட 20 முதல் 33 மடங்கு திறன் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு முன் விபி9 போன்ற உழைப்பு அதிகமான முறை, பெரும்பாலும் நிறையப் பேர் பார்க்கும் வீடியோக்களுக்குத்தான். ஏற்கெனவே பிரபலமானவருக்குத் தெளிவான படம், புதுசாக வருபவருக்குச் சுமாரான படம். வியாபாரமாகப் பார்த்தால் நியாயம்தான். புதியவர் பக்கம் நின்று பார்த்தால் கொஞ்சம் கசக்கிறது.

இதே நேரத்தில் காப்புரிமைச் சோதனையும் ஓடும். 2007-ல் வந்த 'கன்டென்ட் ஐடி', பதிவு செய்த பாடல், படங்களின் சாயல் உங்கள் வீடியோவில் இருக்கிறதா என்று பார்க்கும். மாரியம்மன் நோம்பியில் ஸ்பீக்கரில் ஓடிய சினிமாப் பாட்டும் சிக்கும். விளம்பர வருமானம் பாட்டுக்காரருக்குப் போகலாம், வீடியோவே முடங்கலாம். அது உரிமையாளர் வைத்த விதி. அதனால் முதலில் 'பிரைவேட்' ஆக ஏற்றி, சோதனையும் எச்டி-யும் முடிந்தபின் 'பப்ளிக்' ஆக்குவது நல்லது.

இத்தனை அளவுகள் இருப்பதால்தான் நெட் வேகத்துக்கு ஏற்ப படம் தானாக மாறுகிறது. 2020 மார்ச் ஊரடங்கில், நெரிசலைக் குறைக்க மொபைல் நெட்வொர்க்கில் 480பி-க்கு மேல் வேண்டாம் என்று ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் இந்தியாவில் முடிவெடுத்ததும் இந்த ஏற்பாட்டை வைத்துத்தான்.

வாட்ஸ்அப் வழியா வந்தா?

தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டை வைக்கும். அதுதான் அடையாளம். அப்பா தோட்டத்தில் அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், கோவையில் ஐடி வேலை பார்க்கும் மகன் அதை யூடியூபில் ஏற்றுகிறார் என்று வையுங்கள். போன் ஒரு தடவை, வாட்ஸ்அப் ஒரு தடவை, யூடியூப் ஒரு தடவை என மூன்று முறை சுருங்குகிறது. நுணுக்கமான அந்தச் சுருள்கள்தான் முதலில் காணாமல் போகும். அதைப் பார்க்கும் இன்னொரு விவசாயிக்கு இலையில் ஏதோ வெள்ளையாகத் தெரியும். என்ன நோய் என்று தெரியாது, மருந்தும் தப்பாகலாம்.

இதற்கு வழி உண்டு. வாட்ஸ்அப்பில் 'கேலரி' வழியாக அனுப்பாமல் 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்; 2 ஜிபி வரை சுருக்காமல் போகும். எடுக்கும்போது மட்டையை ஒரு கையால் அசையாமல் பிடித்து, கிட்டப் போய், சில விநாடி போனை ஆட்டாமல் வைத்தால் 480பி-யிலும் சுருள் தெரிய வாய்ப்பு அதிகம்.